லத்தீன் பெயரடை இயைபு: ஈறுகள் ஒன்றுபோல ஒலிக்காதபோது எதை வைத்துப் பொருத்துவது?

தனிப்பாடம்

வணக்கம். ஆசிரியர் இல்லாமல், நூல் ஒன்றை வைத்துக்கொண்டு லத்தீன் படித்துவருகிறேன். முதல் இரண்டு திரிபுகள் (வேற்றுமை ஏற்கும்போது ஈறு மாறும் விதத்தை வைத்துப் பிரித்த சொல்வகைகள்) வரை தொல்லை இல்லை. 'புவெல்ல பொன' நல்ல சிறுமி, 'செர்வுஸ் பொனுஸ்' நல்ல அடிமை, 'தோனும் பொனும்' நல்ல பரிசு. பெயர் எப்படி முடிகிறதோ பெயரடையும் அப்படியே முடிகிறது. காதால் கேட்டே எழுதிவிடலாம்.

அடுத்த பாடத்தில் 'அக்ரிகொல பொனுஸ்' என்று வந்து நிற்கிறது. நல்ல உழவன். 'பொன' என்றல்லவா வர வேண்டும்? அதற்கடுத்து மூன்றாம் திரிபு: 'ரேக்ஸ் பொனுஸ்' நல்ல அரசன், 'லேக்ஸ் பொன' நல்ல சட்டம், 'நோமென் பொனும்' நல்ல பெயர். ரேக்ஸும் லேக்ஸும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. ஒன்றுக்குப் பொனுஸ், மற்றதற்குப் பொன. நூலோ "பெயரடை தன் பெயரோடு பால், எண், வேற்றுமை மூன்றிலும் இயையும்" என்று ஒற்றை வரியில் கைகழுவிவிடுகிறது. எங்கே இயைகிறது? கண்ணுக்கு எதுவும் தெரியவில்லையே!

பழையஏடு

அந்த ஒற்றை வரி சரியானதுதான். அது சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு: திரிபு வகையில் இயைய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பால், எண், வேற்றுமை ஆகிய மூன்றோடு கணக்கு முடிந்தது. முதல் இரண்டு பாடங்களில் பெயரும் பெயரடையும் தற்செயலாக ஒரே திரிபில் இருந்ததால் ஈறுகள் ஒன்றுபோல ஒலித்தன. நூலாசிரியர்கள் எளிமைக்காக அப்படித் தொடங்குகிறார்கள். மாணவர் அதையே விதியாக எடுத்துக்கொள்கிறார். என்னைக் கேட்டால் முதல் நாளே 'அக்ரிகொல பொனுஸ்' என்று தொடங்க வேண்டும்.

பொனுஸ், பொன, பொனும் என்பது பெயரடையின் சொந்தச் சொத்து. அது எந்தப் பெயரோடு சேர்ந்தாலும் தன் வாய்பாட்டுக்குள்ளேயே ஆண்பால், பெண்பால், நடுப்பால் வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அக்ரிகொல முதல் திரிபுச் சொல், ஆனால் ஆண்பால். ஆகவே பொனுஸ். அவ்வளவுதான்.

உலகம் முழுதும் தெரிந்த ஒரு தொடரைப் பாருங்கள்: 'மேன்ஸ் சான இன் கொர்ப்பொரெ சானோ', நலமான உடலில் நலமான மனம். மேன்ஸ், கொர்ப்புஸ் இரண்டுமே மூன்றாம் திரிபு. மேன்ஸ் பெண்பால், எழுவாய் வேற்றுமை, அதனால் 'சான'. கொர்ப்புஸ் நடுப்பால், 'இன்' வந்ததால் நீங்கல் வேற்றுமையில் 'கொர்ப்பொரெ' ஆகிறது, அதனால் 'சானோ'. ஒரே பெயரடை ஆறு சொற்களுக்குள் இரண்டு வடிவங்களில் வந்துவிட்டது. எந்த இடத்திலும் பெயரோடு ஒலி ஒத்துப்போகவில்லை. இயைபு மட்டும் முழுமையாக இருக்கிறது.

இலக்கணப்பித்தர்

பழையஏடு, உங்கள் கொர்ப்பொரெயை வணங்குகிறேன். ஆனால் மேன்ஸ், சான, இன், கொர்ப்பொரெ, சானோ: ஐந்து சொற்கள்தான் ஐயா.

நான் தமிழ்ப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். நமக்கு இது புரியாமல் போவதற்குக் காரணம், நம் பெயரடை அசையாது என்பது. நல்ல மரம், நல்ல மரங்கள், நல்ல மரத்தில். 'நல்ல' எதற்கும் அசைந்துகொடுப்பதில்லை. வேற்றுமை உருபு முழுவதையும் பெயரே சுமக்கிறது. அதே பண்பைப் பயனிலையில் வைத்துப் பாருங்கள். அவன் நல்லவன், அவள் நல்லவள், அது நல்லது, அவர்கள் நல்லவர்கள். 'அக்கா நல்லவன்' என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்லாது. 'அண்ணா', 'அக்கா' இரண்டும் ஆகாரத்தில் முடிகின்றன. அதற்காக இரண்டுக்கும் ஒரே பயனிலையா போடுகிறோம்? சொல்லின் ஈற்றை நாம் பார்ப்பதே இல்லை. பாலைத்தான் பார்க்கிறோம். அக்ரிகொல பொனுஸ் அதேதான்.

தனிப்பாடம்

அண்ணா, அக்கா எடுத்துக்காட்டு நன்றாகப் பிடிபட்டது. ஆனால் தமிழில் பால் பொருளைப் பொறுத்தது. அண்ணன் ஆண் என்பது எனக்குத் தெரியும். சட்டம் பெண் என்று எனக்கு யார் சொல்வார்கள்? மனம் பெண், உடல் நடு, ஆறு நடு ('ஃப்லூமென்'), கை பெண். இதற்குத் தர்க்கம் உண்டா?

விசேஷணம்

இல்லை. நான் வடமொழி படித்தவள் என்பதால் இதில் சற்றுக் காய்ந்து போயிருக்கிறேன். அங்கும் இதே விதிதான்: விசேஷ்யத்தின் (பெயரின்) லிங்கம், வசனம், விபக்தி எவையோ அவையே விசேஷணத்துக்கும் (பெயரடைக்கும்). அங்கும் பால் சொல்லுக்கு உரியது, பொருளுக்கு உரியதல்ல. 'மித்ரம்' என்றால் நண்பன், ஆனால் நடுப்பால். 'தாரா' என்றால் மனைவி, ஆனால் ஆண்பால், அதுவும் பன்மையில்! லத்தீனிலும் விலைக்கு வாங்கிய அடிமையைக் குறிக்கும் 'மன்கிப்பியும்' நடுப்பால். பொருளிடம் போய்ப் பால் கேட்காதீர்கள். அகராதியிடம் கேளுங்கள்.

மருந்துப்பெட்டி

மருத்துவம் படித்த எல்லோரும் தெரியாமலேயே இந்த இயைபை மனப்பாடம் செய்திருக்கிறோம். மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் தொடங்கும் இடத்தில் பெருந்துளை ஒன்று இருக்கிறது. பெயர் 'ஃபொராமென் மக்னும்'. ஃபொராமென் மூன்றாம் திரிபு, நடுப்பால். 'மக்னும்' இரண்டாம் திரிபு ஈறு, நடுப்பால். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை 'கொர்ப்புஸ் கல்லோசும்'. கொர்ப்புஸ் என்று முடிவதைப் பார்த்து 'கல்லோசுஸ்' என்று எழுதினால் அதை எந்த உடற்கூறு நூலும் ஏற்காது. மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வு 'தூர மாத்தெர்'. மாத்தெர் பெண்பால், ஆகவே 'தூர'. இவற்றை எங்களுக்கு யாரும் இலக்கணமாகச் சொல்லித் தரவில்லை. பெயர்களாகவே விழுங்கினோம்.

நெட்டுரு

இதெல்லாம் காட்சிக்கு நன்றாக இருக்கிறது. படிக்கிறவருக்கு வேண்டியது வாய்பாடு. பொனுஸ்–பொன–பொனும் முழுவதையும், ஐந்து வேற்றுமை, இரண்டு எண், மூன்று பால் என்று முப்பது கட்டங்களையும் தலைகீழாகச் சொல்லும்வரை ஒப்பிக்க வேண்டும். பிறகு ஒம்னிஸ் ('எல்லா' என்ற மூன்றாம் திரிபுப் பெயரடை). வேறு குறுக்குவழி கிடையாது. தொடர்களை வைத்துக்கொண்டு மொழி கற்ற ஒருவரையும் நான் கண்டதில்லை.

பழையஏடு

வாய்பாடு வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. முப்பது கட்டமும் தெரிந்தாக வேண்டும். ஆனால் தனிப்பாடத்தின் கேள்வி வேறு. அவருக்குப் பொனுஸின் வாய்பாடு தெரியும். எந்தக் கட்டத்துக்குப் போவது என்பதுதான் தெரியவில்லை. அதைச் சொல்வது பெயர். பெயரின் பால் கையில் இல்லாமல் முப்பது கட்டமும் இருந்து பயனில்லை.

என் வழக்கம் இது. புதுப் பெயர் எதையும் தனியாக எழுதிவைப்பதில்லை. பாலை வெளிக்காட்டும் பெயரடை ஒன்றைச் சேர்த்தே எழுதுகிறேன். 'மனுஸ் தெக்ஸ்த்ர' வலக்கை. பார்த்த உடனே மனுஸ் பெண்பால். 'க்வெர்க்குஸ் அல்த' உயரமான ஓக் மரம், பெண்பால். 'ஒப்புஸ் மக்னும்' பெரும் படைப்பு, நடுப்பால். இதற்கு 'ஒம்னிஸ்' போன்ற பெயரடையை எடுத்தால் பாதி வேலைதான் நடக்கும். ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் அது ஒன்றுதான்.

தனிப்பாடம்

மனுஸ், க்வெர்க்குஸ், ஒப்புஸ், கொர்ப்புஸ், செர்வுஸ். எல்லாமே 'உஸ்'. மூன்று பாலும் இதற்குள் வந்துவிட்டன. பார்த்து அடையாளம் காண வழியே இல்லையா?

பழையஏடு

எழுவாய் வடிவத்தை மட்டும் பார்த்தால் வழியில்லை. அகராதியில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் உடைமை வேற்றுமை வடிவமும் இருக்கும். அதைத் தவிர்த்துவிட்டுப் படிப்பவர்கள்தான் 'உஸ்' காட்டில் தொலைந்துபோகிறார்கள்.

உடைமை 'ஈ' என்று வந்தால் (செர்வுஸ், செர்வீ) இரண்டாம் திரிபு. பெரும்பாலும் ஆண்பால், மரப்பெயர்கள் பெண்பால். உடைமை 'ஊஸ்' என்று வந்தால் (மனுஸ், மனூஸ்) நான்காம் திரிபு. பெரும்பாலும் ஆண்பால், கை, வீடு ('தொமுஸ்'), ஓக் போன்ற சில பெண்பால். உடைமையில் திடீரென்று ஒரு ரகரம் முளைத்து 'ஒப்பெரிஸ்', 'கொர்ப்பொரிஸ்' என்று வந்தால் மூன்றாம் திரிபு, பெரும்பாலும் நடுப்பால். முயலைக் குறிக்கும் 'லெப்புஸ்' அங்கேயும் அடங்காமல் ஆண்பாலாக நிற்கிறது. ஈறு நெடிலாகி 'விர்த்தூஸ், விர்த்தூத்திஸ்' என்று தகரத்தோடு வந்தால் பெண்பால்.

ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். 'வெத்துஸ்' என்றால் பழைய. 'உஸ்' என்று முடிவதால் ஆண்பால் என்று நினைத்துவிடாதீர்கள். எழுவாய் ஒருமையில் மூன்று பாலுக்கும் அதே வடிவம்: 'உர்ப்ஸ் வெத்துஸ்' பழைய நகரம், 'ஒப்புஸ் வெத்துஸ்' பழைய படைப்பு. 'மெலியுஸ்' (மேலான) அதைவிட மோசம்: ஆண்பால் போலவே ஒலிக்கும், ஆனால் நடுப்பால்.

வால்நட்சத்திரம்

நான் வானம் பார்க்கிறவன். என் பங்குக்கு. தென்வானில் 'கொரோன அவ்ஸ்த்ராலிஸ்' (தென்முடி) என்றொரு விண்மீன் குழு, 'த்ரியங்குலும் அவ்ஸ்த்ராலெ' (தென்முக்கோணம்) என்று இன்னொன்று. அதே 'தெற்கு' என்ற பெயரடைதான். முடி பெண்பால், ஆகவே 'லிஸ்'. முக்கோணம் நடுப்பால், ஆகவே 'லெ'. ஒம்னிஸ் வகைப் பெயரடைகளின் வாய்பாட்டை நான் இந்த இரண்டையும் வைத்தே நினைவில் வைத்திருக்கிறேன். நெட்டுரு மன்னிக்க வேண்டும்.

உடைமை வேற்றுமையும் வானத்திலேயே இருக்கிறது. 1603-இல் வானியலாளர் பாயெர் தொடங்கிவைத்த முறைப்படி, கிரேக்க எழுத்து ஒன்றை வைத்துப் பக்கத்தில் குழுவின் பெயரை உடைமை வேற்றுமையில் சொல்வார்கள். பெருங்கரடி 'உர்ஸ மய்யொர்'. அதன் ஆல்பா மீன் 'ஆல்பா உர்ஸை மய்யோரிஸ்'. பெயர் முதல் திரிபில் 'ஐ' என்று மாற, பெயரடை மூன்றாம் திரிபில் 'ஓரிஸ்' என்று மாறுகிறது. வானத்திலேயே மிகப் பொலிவாகத் தெரியும் சிரியஸ் 'ஆல்பா கனிஸ் மய்யோரிஸ்'. கரடி பெண்பால், நாய் ஆண்பால். மய்யொர் இரண்டையும் ஒன்றாகவே நடத்துகிறது.

எழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் இங்கே லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதுவது வசதிக்காக மட்டும் அல்ல. லத்தீனில் உயிரின் குறில் நெடில்தான் பல இடங்களில் வேற்றுமையையே காட்டுகிறது. ரோமன் எழுத்தில் அச்சிட்ட பெரும்பாலான நூல்களில் மேலே கோடு போட மாட்டார்கள். 'பொன' என்பதும் 'பொனா' என்பதும் ஒன்றாகவே தெரியும். தமிழில் அவை இரண்டு. 'புவெல்ல பொன' எழுவாய். 'புவெல்லா பொனா' நீங்கல். சட்டத்தில் அடிக்கடி அடிபடும் 'பொனா ஃபிதே' (நல்லெண்ணத்தோடு) இரண்டும் நெடிலாக ஒலிப்பது அது நீங்கல் வேற்றுமை என்பதால்தான். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் நம்மிடம் தனித்தனி எழுத்து இருக்கிறது. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

தனிப்பாடம்

இது எனக்கு உடனே பயன்படுகிறது. என் குறிப்பேட்டை இனித் தமிழிலேயே எழுதப்போகிறேன். ஆனால் குறில் 'பொன'விலேயே ஒரு குழப்பம் இருக்கிறதே? பெண்பால் ஒருமையும் 'பொன', நடுப்பால் பன்மையும் 'பொன'.

விசேஷணம்

அங்கே பெயரைப் பாருங்கள், முடிந்தால் வினையையும். 'ஃபொராமின மக்ன' என்றால் ஃபொராமென் நடுப்பால் என்று முன்பே தெரியும்; ஆகவே பன்மை. வினை ஒருமையா பன்மையா என்பது ஐயத்தை முற்றிலும் தீர்த்துவிடும். தனித்த ஈறு எதையும் தீர்ப்பதில்லை. பெயரும் பெயரடையும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. 'நவ்தை' மட்டும் வந்தால் மாலுமியின், மாலுமிக்கு, மாலுமிகள் என மூன்று பொருள். 'நவ்தை பொனீ' என்றால் நல்ல மாலுமியின் அல்லது நல்ல மாலுமிகள். 'நவ்தை பொனோ' என்றால் நல்ல மாலுமிக்கு; வேறு எதுவும் ஆக முடியாது. திரிபு வேறாக இருப்பதால் விளையும் நன்மை இது. சந்தம் ஒத்துப்போகும் 'புவெல்லை பொனை'க்கு அந்தத் தெளிவு கிடையாது.

இலக்கணப்பித்தர்

விசேஷணம் சொன்னது அருமை. இதன் முழு வலிமையும் செய்யுளில்தான் தெரியும். ரோமக் கவிஞர் விர்கிலின் முதல் ஆயர் பாடலின் முதலடி இப்படி முடிகிறது: 'பத்துலை ரெகுபான்ஸ் சுப் தெக்மினெ ஃபாகீ'. சொல்லுக்குச் சொல் வைத்தால்: அகன்ற, சாய்ந்திருக்கும், கீழே, கவிகையின், பீச் மரத்தின். 'அகன்ற' எதற்கு அடை? அடுத்து நிற்கும் 'சாய்ந்திருக்கும்' என்பதற்கு அல்ல; அது அடியின் தொடக்கத்தில் வரும் 'நீ'யைச் சேர்ந்தது. 'தெக்மினெ' நடுப்பால், நீங்கல், பொருந்தாது. 'பத்துலை' பெண்பால், ஒருமை, உடைமை. 'ஃபாகீ' மரப்பெயர், ஆகவே பெண்பால், ஒருமை, உடைமை. மூன்று சொற்களைத் தாண்டிப் போய் மரத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஈறுகளில் ஒன்று ஐகாரம், மற்றது ஈகாரம்.

நம் நன்னூல் எட்டுப் பொருள்கோள்களில் ஒன்றாகக் 'கொண்டுகூட்டு' என்று சொல்கிறதே, அதுதான். நாம் கொண்டுகூட்டுவது பொருளை வைத்து. அவர்கள் கொண்டுகூட்டுவது விகுதியை வைத்து. உரையாசிரியர் இல்லாமலேயே வேலை நடந்துவிடுகிறது.

மருந்துப்பெட்டி

உயிரினப் பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். 'கருப்பு' என்ற ஒரே அடை, 1753-இல் இயற்கையறிஞர் லின்னேயுஸ் வைத்த மூன்று பெயர்களில்: 'ஹெல்லெபொருஸ் நிகெர்', 'மோருஸ் நிக்ர', 'பிப்பெர் நிக்ரும்'. கடைசியது மிளகு; பிப்பெர் நடுப்பால். நடுவில் உள்ளது கருப்பு முசுக்கட்டை. 'உஸ்' என்று முடிந்தாலும் மரம், ஆகவே பெண்பால்.

பேரினம் மாறினால் அடையின் ஈறும் மாற வேண்டும் என்பது பெயரிடல் விதி. 1758-இல் அதே லின்னேயுஸ் வீட்டுச் சிட்டுக்குருவிக்கு 'ஃப்ரிங்கில்ல தொமெஸ்திக' என்று பெயரிட்டார். பின்னர் அதைப் 'பஸ்ஸெர்' என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். பஸ்ஸெர் ஆண்பால். அன்று முதல் அது 'பஸ்ஸெர் தொமெஸ்திகுஸ்'.

தனிப்பாடம்

சில தொடர்களை எழுதிப் பார்த்திருக்கிறேன். திருத்துங்கள்.
நீண்ட பயணம்: இத்தெர் லொங்குஸ்.
துணிவுள்ள மாலுமியோடு: கும் நவ்தா ஃபொர்த்தா.
பழைய நகரம்: உர்ப்ஸ் வெத்துஸ்.
சிறுமி தன் தந்தையை நேசிக்கிறாள்: புவெல்ல பத்ரெம் சுவம் அமத்.
ரோம் நகரத்தில்: இன் உர்பெ ரோமா.

பழையஏடு

மூன்றாவது சரி. பொறியில் நீங்கள் விழவில்லை.

முதலாவது: 'இத்தெர்' நடுப்பால், உடைமை 'இத்தினெரிஸ்'. ஆகவே 'இத்தெர் லொங்கும்'.

இரண்டாவது: பழைய நோய் திரும்பியிருக்கிறது. நவ்தா என்று கேட்டதும் காது ஃபொர்த்தாவைத் தேடியிருக்கிறது. ஃபொர்த்திஸ் மூன்றாம் திரிபுப் பெயரடை. அதில் ஆகார ஈறே கிடையாது. நீங்கல் ஒருமை 'ஃபொர்த்தீ'. ஆகவே 'கும் நவ்தா ஃபொர்த்தீ'.

நான்காவது: 'தன்' என்பது யாருடையது என்று பார்த்திருக்கிறீர்கள். லத்தீனில் 'சுவுஸ்' சாதாரணப் பெயரடை போலவே நடக்கும். உடைமையாளரை அல்ல, உடைமைப் பொருளைத்தான் அது பார்க்கும். சிறுமி பெண்தான், ஆனால் 'பத்ரெம்' ஆண்பால். ஆகவே 'பத்ரெம் சுவும்'. சிறுவன் தன் தாயை நேசித்தால் 'மாத்ரெம் சுவம்'.

ஐந்தாவது சரி. இங்கே பெயரடையே இல்லை; இரண்டும் பெயர்கள், நம் இருபெயரொட்டு போல. பெயரோடு பெயர் ஒட்டும்போது வேற்றுமை மட்டும் ஒத்தால் போதும். பெயருக்குப் பால் பிறவியிலேயே அமைந்தது, மாற்ற முடியாது.

நெட்டுரு

'ஃபொர்த்தா' ஏன் வந்தது? ஒம்னிஸ் வாய்பாட்டை ஒப்பிக்காததால். நான் சொன்னது இதைத்தான்.

பழையஏடு

இந்த ஒன்றில் நெட்டுரு சொல்வது நியாயம். ஒம்னிஸை ஒப்பித்துவிடுங்கள்.

தனிப்பாடம்

ஒப்பித்துவிடுகிறேன். கடைசியாக இரண்டு. ஒரே பெயரடை ஆண்பால், பெண்பால் இரண்டு பெயர்களுக்கும் சேர்த்து வந்தால் என்ன செய்வது? 'தியேஸ்' (நாள்) என்பதற்கு என் அகராதி ஆண்பால், பெண்பால் இரண்டையும் போட்டிருக்கிறது. எதை எடுப்பது?

விசேஷணம்

முதல் கேள்வி: பயனிலையில் வந்தால், மனிதர்களுக்கு ஆண்பால் பன்மை. 'பத்தெர் எத் மாத்தெர் பொனீ சுந்த்', தந்தையும் தாயும் நல்லவர்கள். பால் வேறுபட்ட அஃறிணைப் பொருள்கள் என்றால் பெரும்பாலும் நடுப்பால் பன்மை. பெயரை ஒட்டி அடையாக வந்தால் பக்கத்தில் இருப்பதோடு இயையும். 'ஒம்னேஸ் அக்ரீ எத் மரிய', எல்லா வயல்களும் கடல்களும். இதில் 'ஒம்னேஸ்' வயல்களைப் பார்க்கிறது. இடம் மாற்றி 'அக்ரீ எத் மரிய ஒம்னிய' என்றால் கடல்களைப் பார்க்கிறது.

பழையஏடு

தியேஸ் வழக்கமாக ஆண்பால். குறித்துவைத்த நாள், கெடு என்ற பொருளில் ஒருமையில் பெண்பாலாகவும் வரும்: 'கோன்ஸ்தித்தூத்தா தியே', குறித்த நாளில். ஐந்தாம் திரிபில் தியேஸையும் நண்பகலைக் குறிக்கும் 'மெரீதியேஸ்' என்பதையும் தவிர மற்றவை பெண்பால். மெரீதியேஸ் எப்போதும் ஆண்பால்.